பிளைவுட்டில் எட்டடி மீன்தொட்டி: வடிகாலை முதலில் வரையுங்கள்

சென்னை கொளத்தூரில் வாங்கியபோது எங்கள் ஆஸ்கர் மீன்கள் இரண்டும் சுண்டுவிரல் நீளம்தான் இருந்தன. தஞ்சாவூர் வரைக்கும் பையை மடியில் வைத்துக்கொண்டு ரயிலில் வந்தேன். ஆஸ்கர் ஓரடி வரை வளரும் என்று விற்றவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இரண்டு வருடத்தில், நான்கடிக் கண்ணாடித் தொட்டிக்குள் அவை திரும்பும்போதெல்லாம் வால் கண்ணாடியில் இடித்தது. பக்கத்துக் குளத்தில் விட்டுவிடச் சொன்னவர்கள் உண்டு. தென்னமெரிக்க மீனை நம் குளத்தில் விட்டு, அங்கே இருக்கிற குஞ்சுகளை அதற்கு இரையாக்க எனக்குச் சம்மதமில்லை. ஆகவே எட்டடித் தொட்டி.

எட்டடிக்கு முழுக் கண்ணாடித் தொட்டி என்றால் ஐந்து பக்கமும் தடித்த கண்ணாடி வேண்டும். பிளைவுட்டில் கட்டினால் முன்பக்கம் ஒன்றுக்கு மட்டும் கண்ணாடி போதும். என் தொட்டியின் உள்ளளவு 240 செ.மீ. நீளம், 90 அகலம், 75 உயரம். ஓடும்போது நீர்மட்டம் 68 செ.மீ., அதாவது ஏறக்குறைய 1,470 லிட்டர். முப்பது வருடம் பிளஸ் டூ பிள்ளைகளுக்குத் திரவ அழுத்தம் நடத்தியவள் நான். இருந்தும் இந்தத் தொட்டியைக் கட்டும் முன்பு ஒரு பாடம் படிக்க வேண்டியிருந்தது.

பழைய நான்கடித் தொட்டிக்குக் கீழே 60 லிட்டர் சம்ப் ஒன்று வைத்திருந்தேன். மோட்டார் நீரை மேலே தள்ளும், மேலே நிரம்பி வழிவது குழாய் வழியாகச் சம்புக்கு இறங்கும். தொட்டிக்குள் நீர் விழும் குழாயின் வாயை, அடியில் கழிவு தங்காமல் நீரோட்டம் கிடைக்கட்டும் என்று 20 செ.மீ. ஆழத்தில் வைத்திருந்தேன். ஒருநாள் இரவு மின்சாரம் போனது. மோட்டார் நின்றதும் அதே குழாய் திசை மாறி, தொட்டி நீரைச் சம்புக்குள் உறிஞ்ச ஆரம்பித்தது. 120க்கு 45 செ.மீ. தொட்டியில் ஒரு செ.மீ. என்பது 5.4 லிட்டர். இருபது செ.மீ. இறங்கினால் 108 லிட்டர். சம்பில் ஏற்கெனவே 40 லிட்டர் இருந்தது. மிச்சக் கணக்கைக் கூடத்துத் தரை போட்டது. பின்னோட்டத்தைத் தடுக்க வால்வு போட்டிருந்தேன். அதன் வாயில் ஒரு நத்தை உட்கார்ந்திருந்ததைக் காலையில் பார்த்தேன். அத்தையின் அரிசி மூட்டை இரண்டு நனைந்துபோயிற்று. அவர் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அரிசியை மொட்டை மாடியில் காயவைக்கும்போது, "டீச்சருக்குத் தெரியாததா" என்று காக்கைகளிடம் சொன்னார்.

ஆகவே இந்தமுறை பலகைக் கடைக்குப் போவதற்கு முன்பு, ஒரு கோடு போட்ட நோட்டில் தண்ணீர் போகும் வழியை மட்டும் நான்கு நாள் வரைந்தேன். நீங்களும் அப்படியே தொடங்குங்கள். பலகையில் துளை எங்கே வரும், தொட்டியின் எந்தப் பக்கம் சுவரைப் பார்க்கும், அது எவ்வளவு உயரத்தில் நிற்கும் எல்லாம் அந்த வரைபடத்திலிருந்துதான் பிறக்கும்.

அதற்கும் முன்னால் எடை

நீர் ஒன்றரை டன். பலகை, கண்ணாடி, மணல், கல் எல்லாம் சேர்ந்தால் இரண்டு டன்னைத் தொடும். தொட்டியின் அடிப்பரப்பு இரண்டே கால் சதுர மீட்டர்கூட இல்லை. அப்படியானால் ஒரு சதுர மீட்டருக்கு 900 கிலோவுக்கு மேல். நம் வீட்டு மாடித் தளங்களுக்கு இந்தியத் தரநிர்ணயப்படி போடும் கணக்கு, ஆளும் சாமானும் சேர்த்து, சதுர மீட்டருக்கு 200 கிலோ அளவுதான். மாடியில் வைக்கலாமா என்று கேட்காதீர்கள். பொறியாளர் ஒருவர் வீட்டுக்கு வந்து பார்த்து எழுதிக்கொடுக்காத வரைக்கும், தரைத்தளம் மட்டும்தான்.

தரைத்தளத்திலும் மண் நிரப்பிப் போட்ட தரை இறங்கும். எங்கள் கூடத்தில் கொத்தனார் டைல்ஸை எடுத்துவிட்டு, திமிசு போட்டு, கான்கிரீட் அடித்தளம் போட்டார். அதன்மேல் கான்கிரீட் பிளாக்கில் நான்கு குறுக்குச் சுவர்கள், அவற்றின் மேல் கம்பி கட்டி 4 அங்குலத்துக்கு ஒரு பலகை வார்த்தார். தரையிலிருந்து மேல்மட்டம் 60 செ.மீ. மூன்று வாரம் சாக்குப் போட்டுத் தண்ணீர் ஊற்றினேன். நான்கு மூலைக்கும் ரசமட்டமும் தண்ணீர் டியூபும் வைத்துப் பார்த்தோம். கொத்தனார் பழக்கதோஷத்தில் வாட்டம் கொடுக்கப் பார்த்தார். குளியலறைத் தரைக்கு வாட்டம் வேண்டும். தொட்டிக்கு அடியில் ஒரு மில்லிமீட்டர்கூட வேண்டாம்.

நீர் இறங்கும் வழி

என் வரைபடத்தின் முதல் கேள்வி, மின்சாரம் போனால் எவ்வளவு நீர் கீழே வரும் என்பது. தொட்டியின் பரப்பு 240க்கு 90. ஒரு செ.மீ. உயரம் 21.6 லிட்டர். இந்த ஓர் எண்ணைச் சுவரில் எழுதி ஒட்டிக்கொள்ளுங்கள், வேலை முழுக்க உடன் வரும்.

ஓடும் தொட்டியில் நீர் எப்போதும் வழிவிளிம்புக்குச் சற்று மேலே நிற்கும். எவ்வளவு மேலே என்பது விளிம்பின் நீளத்தைப் பொறுத்தது. மணிக்கு 6,000 லிட்டர் வழிய வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள், அது தொட்டி நீர் மணிக்கு நான்கு முறை சுற்றும் வேகம். கடைகளில் கிடைக்கும் மூலைப் பெட்டி போல 30 செ.மீ. விளிம்பு வைத்தால் நீர் 2 செ.மீ.க்குமேல் ஏறி நிற்கும். 90 செ.மீ. அகலம் முழுவதையும் விளிம்பாக்கினால் 1 செ.மீ. போதும். இந்த வித்தியாசம் மட்டுமே 20 லிட்டருக்கு மேல். இன்னொரு நன்மையும் உண்டு. ஆஸ்கரின் தீனி எண்ணெய்ப் படலம் விடும். விளிம்பு நீண்டிருந்தால் மேற்பரப்பு முழுவதும் மெல்லிய தாளாக உரிந்து போகும், படலம் தங்காது.

ஆகவே, தொட்டியின் குறும்பக்கச் சுவரை ஒட்டி, உள்ளே, 90 செ.மீ. நீளமும் 15 செ.மீ. அகலமும் 25 செ.மீ. ஆழமும் கொண்ட ஒரு கண்ணாடிக் கால்வாய். அதன் விளிம்பு 67 செ.மீ. உயரத்தில். வடிகுழாய்த் துளைகள் எல்லாம் இந்தக் கால்வாய்க்குள், தொட்டிச் சுவரில். துளையைக் கால்வாய்க்குள் வைப்பதில் ஒரு சூட்சுமம் உண்டு. என்றாவது அந்தப் பொருத்து கசிந்தால், கால்வாயில் இருக்கும் இருபத்தைந்து, முப்பது லிட்டர் போகும், தொட்டி நீர் விளிம்புக்குக் கீழே இறங்காது.

எங்கள் பிளம்பர் இதை ஒப்புக்கொள்ளவில்லை. மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டிக்கு வைப்பதுபோல அடியில் ஒரு வாஷ்அவுட் வைத்துவிடலாம் என்றார். "சுத்தம் பண்ண வசதிம்மா." வசதிதான். ஆனால் அடித்துளையில் பலகையின் வெட்டுமுகம் முழு அழுத்தத்தில் நனைந்து நிற்கும். அங்கே ஒரு வாஷர் போனால் 1,470 லிட்டரும் கூடத்துக்கு வரும். பலகைத் தொட்டியில் அடியில் துளை கிடையாது என்பதில் நான் இறங்கிவரவில்லை.

கால்வாயில் மூன்று துளைகள், மூன்றும் ஒன்றரை அங்குலக் குழாய்க்கு. பொருத்துவதற்கு நம் ஊர்க் கடையில் டேங்க் கனெக்டர் என்று கேளுங்கள். மீன் கடையில் வேறு பெயரில், வேறு விலையில் அதுவேதான் இருக்கும். மூன்று குழாய்க்கும் மூன்று வேலை. மீன் வளர்ப்போரிடையே பீன் அனிமல் என்று பெயர்பெற்ற முறை இது.

முதல் குழாய் முழுச் சைஃபன், அதாவது குழாய் முழுவதும் நீர் நிறைந்து உறிஞ்சி இழுப்பது. கால்வாய்க்குள் ஒரு எல்போ கீழ்நோக்கித் திரும்பி நீருக்கடியில் வாய் வைத்திருக்கும், காற்றே நுழையாது. கீழே சம்புக்கு அருகில் ஒரு கேட் வால்வு. பால் வால்வு வேண்டாம், அது கால்பங்குத் திருப்பில் திறந்து மூடிவிடும், நுணுக்கமாகத் திருக முடியாது. நீரில் பெரும்பங்கை இந்தக் குழாய் ஓசையில்லாமல் கொண்டுபோகும்.

இரண்டாவது, திறந்த குழாய். இதன் எல்போவின் தலையில் சிறு துளையிட்டு, மீன்தொட்டிக்குப் பயன்படும் மெல்லிய காற்றுக்குழாயைச் செருகி, அதன் மறுமுனையைக் கால்வாய் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே நிறுத்துங்கள். சாதாரண நாளில் இதில் சுவரோடு ஒட்டிக் கொஞ்சம் நீர் வழியும். முதல் குழாயில் இலையோ பாசியோ அடைத்தால் கால்வாய் நீர் ஏறும், காற்றுக்குழாயின் முனை மூழ்கும், காற்று நின்றதும் இந்தக் குழாயும் சைஃபனாக மாறி இழுக்கும்.

மூன்றாவது எப்போதும் உலர்ந்திருக்க வேண்டியது. வாய் மேல்நோக்கி, காற்றுக்குழாய் முனைக்கும் சற்று உயரத்தில், ஆனால் தொட்டி விளிம்புக்குக் கீழே. இதன் மறுமுனையைச் சம்பு நீருக்கு மேலே விட்டிருக்கிறேன். தண்ணீர் இதில் வந்தால் கொட்டுகிற ஓசை வீடெல்லாம் கேட்கும். அந்த ஓசைதான் எச்சரிக்கை மணி. மற்ற இரண்டின் வாயும் சம்பு நீருக்குள் ஓர் அங்குலம் மட்டும் மூழ்கியிருக்க வேண்டும். அதற்குமேல் ஆழ்த்தினால் குழாயில் அடைபட்ட காற்று வெளியேறாது, சைஃபன் தொடங்காமல் குமுறிக்கொண்டே இருக்கும். என் தொட்டி முதல் நாள் அரை மணி நேரம் குமுறியது. பிளம்பர் என்னைப் பார்த்தார். குழாயின் அடியில் இரண்டு அங்குலம் அறுத்தோம், பத்தாவது விநாடி அடங்கிவிட்டது.

சம்பைத் தொட்டிக்கு அடியில் வைக்கவில்லை. கூடத்துச் சுவருக்கு அந்தப் பக்கம் பின் தாழ்வாரம், அங்கே 300 லிட்டர் லாஃப்ட் டேங்க் ஒன்றின் மேல்பகுதியை வெட்டி வைத்தேன். தொட்டிக்கும் சுவருக்கும் நடுவே குழாய்கள் இறங்க ஓரடி இடம் விட்டு, சுவரில் துளை போட்டுத் தாழ்வாரத்துக்குக் கொண்டுபோனோம். மோட்டார் சத்தமும் ஈரமும் அங்கேயே நின்றுவிடும். நிரம்பி வழிந்தாலும் தாழ்வாரத்தில் நஹானி டிராப், அதாவது தரை நீர் வடியும் வாய், இருக்கிறது, தரையும் அதை நோக்கி மீட்டருக்கு ஒரு செ.மீ. வாட்டத்தில் இருக்கிறது. அடுக்குமாடி வீட்டில் இருப்பவர்கள் சம்பை எங்கே வைத்தாலும், அருகில் ஒரு நஹானி டிராப் இருக்கிற இடமாகப் பாருங்கள்.

இப்போது கணக்கு. நீர் திரும்பி விழும் குழாயின் வாய் ஓடும் நீர்மட்டத்திலிருந்து 2 செ.மீ. கீழே மட்டும். மின்சாரம் போனால் 2 செ.மீ. இறங்கியதும் வாய் வெளியே தெரியும், காற்று புகும், உறிஞ்சல் அறுந்துவிடும். 43 லிட்டர். கால்வாயும் குழாய்களும் சேர்ந்து இன்னொரு 25. மொத்தம் 70 லிட்டருக்குச் சற்றுக் குறைவு. சம்பில் ஓடும்போது 160 லிட்டர், காலியிடம் 140. இரண்டு மடங்கு இருக்கிறது, நிம்மதி. குழாயில் சிறு துளையிட்டுக் காற்று புகவிடும் வழக்கமும் உண்டு, ஆனால் பாசி அந்தத் துளையை மூடிவிடும். பின்னோட்டத்தைத் தடுக்கும் வால்வைப் பற்றி நத்தையிடம் கேளுங்கள்.

அடுத்து எதிர்த்திசைக் கணக்கு, பலர் போடாதது. வடிகுழாய் மூன்றும் ஒருசேர அடைத்துவிட்டன, மோட்டார் மட்டும் ஓடுகிறது. சம்பில் இருப்பதையெல்லாம் மேலே தள்ளும். தொட்டியில் 68க்கு மேல் 7 செ.மீ. இருக்கிறது, 151 லிட்டர் தாங்கும். சம்பில் 160. ஒன்பது லிட்டர் கூடத்துக்கு வரும். ஆகவே மோட்டாரை ஒரு கல்லின்மேல் ஏற்றி, 100 லிட்டருக்குமேல் உறிஞ்ச முடியாத உயரத்தில் வைத்தேன். காசு செலவில்லாத காப்பீடு.

மோட்டார் பெட்டியின்மேல் போட்டிருக்கும் லிட்டர் எண், நீரை உயர்த்தாமல் ஓடும்போது கிடைப்பது. தரையிலிருந்து தொட்டி மேல் வரை எனக்கு ஒன்றரை மீட்டருக்கு அருகில் வருகிறது. அந்த உயரத்தில் எவ்வளவு தள்ளும் என்று பெட்டியின் பக்கவாட்டில் இருக்கும் வரைகோட்டைப் பார்த்து வாங்குங்கள். மின்கம்பி பிளக்குக்குப் போகும் முன்பு ஒரு தொங்கல் கொடுத்துக் கட்டுங்கள், சொட்டும் நீர் அந்த வளைவிலேயே கீழே விழட்டும். மின்கசிவு வந்ததும் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. சுவிட்ச் இல்லாத இணைப்பில் மோட்டாரை மாட்டவே மாட்டாதீர்கள்.

கடைசியாக, வாராவாரம் நீர் மாற்றும் வழி. கால்பங்கு என்றால் 360 லிட்டர். வாளியில் என்றால் 24 நடை, எனக்கு முழங்கால் வலி. பின்பக்கச் சுவரில், தாழ்வாரத்து மூலையில், நான்காவது துளை ஒன்று ஓரங்குலக் குழாய்க்கு. அதன் அடிவிளிம்பு வழிவிளிம்புக்கு 17 செ.மீ. கீழே. 17ஐ 21.6ஆல் பெருக்குங்கள். வெளியே ஒரு பால் வால்வு, அங்கிருந்து குழாய் கொல்லைக்கு. மோட்டாரை நிறுத்தி வால்வைத் திறந்தால் பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் நீர் துளை வரைக்கும் இறங்கித் தானே நின்றுவிடும். மறந்துபோய்ச் சமையலறைக்குள் போனாலும் கெடுதல் இல்லை. கொல்லையில் இரண்டு வாழை, ஒரு தென்னை. மீன் நீர் குடித்த வாழையின் தாரைப் பார்த்துவிட்டுத்தான் அத்தை அரிசி மூட்டையை மன்னித்தார்.

பலகை

ஐ.எஸ். 710 முத்திரை உள்ள மரைன் பிளைவுட், 18 மி.மீ., ஐந்து தாள். எம்.ஆர். என்று விற்கும் சாதாரணப் பலகை ஈரம் பட்டால் பாளம் பாளமாக உரியும். இரண்டு திரவம் கலந்து இறுகும் எபாக்ஸிப் பிசின் பூசப்போகிறோமே, மலிவானதே போதாதா என்று ஆசாரியே கேட்டார். பூச்சில் ஒரு ஊசித்துளை விழுந்தால் அதற்குப் பின்னால் நிற்பது பலகைதான். அதனால் சிக்கனம் இங்கே வேண்டாம்.

தாள் 244க்கு 122 செ.மீ. அடிப்பலகை ஒரு தாள், பின்சுவர் ஒரு தாள், இரண்டு குறும்பக்கங்கள் ஒரு தாளில். முன்பக்கச் சட்டத்துக்கு இரண்டு தாள், ஒன்றின்மேல் ஒன்று ஒட்டி 36 மி.மீ. ஆக்கியது. சட்டத்தை நான்கு துண்டாக வெட்டி இணைக்காதீர்கள். முழுத் தாளில் நடுவே சன்னலாக அறுத்து எடுங்கள், மூலைகளில் மூட்டு இல்லாமல் இருப்பதே பலம். மேலும் கீழும் 10 செ.மீ., பக்கங்களில் 14 செ.மீ. விளிம்பு விட்டோம்.

ஆசாரி ஃபெவிகாலை எடுத்தார். நான் எபாக்ஸியை நீட்டினேன். பத்து செ.மீ.க்கு ஒரு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்க்ரூ, முன்னால் துளையிட்டுத்தான் முடுக்க வேண்டும், இல்லாவிட்டால் பலகையின் விளிம்பு பிளக்கும். ஆறு பேர் வேலைக்கு ஒரு நாள் ஆயிற்று. முன்பக்கச் சுவரின்மேல் நீர் தள்ளும் மொத்த விசை ஏறக்குறைய 555 கிலோ. அது அடியிலிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் குவியும், ஆகவே அடிமூட்டுதான் முக்கியம் என்று நினைப்பீர்கள். அடிமூட்டை அடிப்பலகை பிடித்துக்கொள்ளும். மேல்விளிம்பை யாரும் பிடிக்கவில்லை, அதுதான் வெளியே வளையும். அதனால் மேலே நான்கு பக்கமும் 12 செ.மீ. அகலப் பட்டையும், நடுவில் முன்னும் பின்னும் இணைக்கும் ஒரு குறுக்குப் பட்டையும் கொடுங்கள்.

நீர் புகாமல்

பலகைமேல் கண்ணாடி இழை ஒட்டும் ஃபைபர் வேலையை நாகப்பட்டினத்தில் படகு பழுதுபார்க்கும் ஒருவரிடம் பாதி நாள் உட்கார்ந்து கற்றேன். அவர் பயன்படுத்துவது பாலியெஸ்டர் ரெசினும், வைக்கோல் தூவியதுபோல் இருக்கும் மேட்டும். ஃபைபர் படகுக்கு அது சரி. மரத்தின்மேல் எபாக்ஸிதான் கெட்டியாகப் பிடிக்கும். எபாக்ஸி என்றால் அந்த மேட் வாங்காதீர்கள். அதன் இழைகளை ஒட்டி வைத்திருக்கும் பசை பாலியெஸ்டரில் இருக்கும் ஸ்டைரீனில்தான் கரையும், எபாக்ஸியில் கரையாமல் விறைத்து நிற்கும். நெய்த கண்ணாடி இழைத் துணி வேண்டும்.

முதலில் உள்மூலைகள். எபாக்ஸியில் சிலிக்காப் பொடி கலந்து இட்லி மாவைவிடக் கெட்டியாக்கி, மூலையில் வைத்து, குழிக்கரண்டியின் முதுகால் இழுத்து வளைவாக்குங்கள். இழைத் துணி கூர்மையான மூலையில் மடங்காது, பின்னால் காற்று நிற்கும். பிறகு ஒரு கை எபாக்ஸிப் பூச்சு, அதன்மேல் துணி, அதன்மேல் இன்னும் இரண்டு கை.

நேரம் முக்கியம். நான் முதல் நாள் காலை ஏழு மணிக்குக் குளிர்ச்சியாக இருக்கிறதே என்று ஆரம்பித்தேன். பத்து மணிக்கு வெயில் ஏற ஏற, மரத்துக்குள் இருந்த காற்று விரிந்து பூச்சு முழுவதும் குமிழிகள். ஒவ்வொன்றும் ஒரு ஊசித்துளை. முழுவதையும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். சூடு இறங்கும் மாலையில் பூசினால் மரம் காற்றை விடுவதற்குப் பதில் எபாக்ஸியை உள்ளே இழுத்துக்கொள்ளும். கலப்பதைச் சிறு சிறு அளவாகக் கலந்து உடனே அகலத் தட்டில் ஊற்றுங்கள். ஆழமான டப்பாவில் வைத்தால் தன் சூட்டிலேயே கொதித்து ஐந்து நிமிடத்தில் கல்லாகிவிடும். இறுகியபின் மேலே மெழுகு போன்ற வழுவழுப்பு வந்தால், அடுத்த கைக்கு முன்பு வெறும் தண்ணீரும் தேங்காய் நாரும் போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். கையுறை இல்லாமல் தொடாதீர்கள். எபாக்ஸி ஒவ்வாமை ஒருமுறை வந்தால் பிறகு விடாது.

துளைகளுக்கு ஒரு தனி வழி. டேங்க் கனெக்டருக்கு வேண்டியதைவிட ஒரு செ.மீ. அகலமாகப் பலகையில் துளை போட்டு, கெட்டி எபாக்ஸியால் முழுவதும் அடைத்து, இறுகியபின் அந்த எபாக்ஸிக்குள் சரியான அளவுத் துளையைப் போடுங்கள். மரத்தின் வெட்டுமுகம் நீரைப் பார்க்கவே பார்க்காது. இந்த வேலையெல்லாம் முடிந்த பிறகுதான் சிலிக்கான் டியூபைத் திறக்க வேண்டும். சிலிக்கான் பட்ட இடத்தில் எபாக்ஸி ஒட்டாது.

கண்ணாடி

19 மி.மீ. சாதாரணக் கண்ணாடி, 226க்கு 65 செ.மீ., 70 கிலோ. டஃபன் செய்த கண்ணாடியை வாங்கினால் பிறகு ஒரு மில்லிமீட்டர்கூட வெட்ட முடியாது, அளவில் தவறு செய்யாதவர்கள் வாங்கலாம். கண்ணாடி சட்டத்துக்கு உட்பக்கமாக உட்கார வேண்டும். நீரே அதைச் சட்டத்தின்மேல் அழுத்திக்கொண்டிருக்கும்.

தொட்டியை முன்பக்கம் தரையில் படும்படி குப்புறக் கவிழ்த்தோம். சட்டத்தின்மேல் சிலிக்கானைத் தாராளமாகப் போட்டு, 3 மி.மீ. தடிமனுள்ள சிறு ரப்பர் துண்டுகளை இடையிடையே வைத்து, நான்கு பேர் கண்ணாடியை இறக்கினோம். ரப்பர் இல்லாவிட்டால் கண்ணாடியின் எடையே சிலிக்கானைப் பிதுக்கி வெளியேற்றிவிடும். பூஞ்சைத் தடுப்பு என்று போட்டிருக்கும் குளியலறைச் சிலிக்கான் மீனுக்கு விஷம், டியூபைப் படித்து வாங்குங்கள். காற்றின் ஈரத்தால் ஓரத்திலிருந்து உள்நோக்கி இறுகும் பொருள் இது. 5 செ.மீ. அகலப் பட்டையின் நடுப்பகுதி இறுக நாளாகும். மூன்று வாரம் நான் தொடவே இல்லை. புளிக்காடி வாசனை முழுவதும் போகும் வரை பொறுங்கள். கண்ணாடிக் கால்வாயையும் இதே நாளில் ஒட்டலாம் என்று ஆசைப்படுவீர்கள். தொட்டியை நிமிர்த்தியபின் ஒட்டுவதுதான் நேராக வரும்.

நிரப்புதல்

மூன்றில் ஒரு பங்கு, ஒரு நாள் நிறுத்தம். மூன்றில் இரண்டு, இன்னொரு நாள். பிறகு முழுவதும். முன்பக்க மேல்விளிம்பில் ஒரு நூலை இழுத்துக் கட்டி, நடுவில் எவ்வளவு வளைகிறது என்று அளந்துகொண்டே வாருங்கள். எனக்கு முழு நீரில் 2 மி.மீ. வளைந்து அங்கேயே நின்றது. நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போனால் நீரை இறக்கிவிட்டுப் பட்டையைப் பலப்படுத்த வேண்டும். அடியைச் சுற்றிச் செய்தித்தாள் விரித்து வைத்தால் ஒரு சொட்டுக் கசிவும் தெரியும்.

மீன் விடுவதற்கு முன்பு இரண்டு சோதனை. மோட்டாரின் பிளக்கைப் பிடுங்கிவிட்டுச் சம்பில் எந்தக் கோடு வரை நீர் ஏறுகிறது என்று பெயின்ட்டால் குறியுங்கள், என் கணக்கு 70, வந்தது 66. அடுத்து மோட்டாரை ஓடவிட்டு, முதல் குழாயின் வாயைத் துணியால் அடையுங்கள். இரண்டாவது தானே சைஃபனாக வேண்டும். அதையும் அடைத்தால் மூன்றாவது கொட்ட வேண்டும். நான் இதைச் செய்தபோது ஆசாரி கூடத்திலிருந்த சாமான்களை ஒவ்வொன்றாக எடுத்துத் திண்ணையில் வைத்துக்கொண்டிருந்தார். மூன்றாவது குழாய் தாழ்வாரத்தில் கொட்டும் ஓசை கேட்டபிறகுதான் நாற்காலியைத் திரும்ப உள்ளே கொண்டுவந்தார்.

ஒரு வாரம் நின்ற முதல் நீரை முழுவதும் கொட்டிவிடுங்கள். புதிதாக நிரப்புவது நகராட்சி நீரென்றால், குளோரின் போக ஒரு நாளாவது காற்றடித்து ஓடவிட வேண்டும். நீர் ஆவியாகும்போது மேல்தொட்டி குறையாது, சம்புதான் குறையும். கோடையில் மின்விசிறி ஓடும் எங்கள் கூடத்தில் நாளுக்கு எட்டு லிட்டர் போகிறது. இரண்டு வாரம் ஊருக்குப் போனால் மோட்டார் வறண்டு ஓடும். பக்கத்து வீட்டுப் பையனிடம் சாவியும் ஒரு வாளியும் கொடுத்துவிட்டுப் போகிறேன்.

ஆஸ்கர் கூழாங்கல்லை வாயில் கவ்வித் துப்பும் சாதி. ஒருநாள் ஒரு கல் கால்வாய்க்குள் கிடந்தது. அன்றிலிருந்து விளிம்பின்மேல் ஒரு பிளாஸ்டிக் வலைப்பட்டை நிற்கிறது. மாதம் ஒருமுறை அதைத் தேய்க்கும்போது, காற்றுக்குழாயின் முனையையும் விரலால் துடைத்துவிட்டு, மூன்றாவது குழாயின் வாயில் ஒரு சொம்பு நீர் ஊற்றிப் பார்க்கிறேன். உலர்ந்தே கிடக்கும் குழாயில் பல்லியும் குளவியும் குடியேறும்.